வோட்டுக் கேட்கவும் ஒரு படிப்பு

சித்திரை கழிந்து வைகாசி பிறந்துவிட்டால் உபாத்தியாயர் வீட்டுத் திண்ணைக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டுவிடுகிறது. வருஷம் முழுவதும் நம்மைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறவர்கள்கூட அந்த ஒரு மாதத்தில் வீடு தேடி வருவார்கள். கையில் பிளஸ் டூ பரீட்சையின் மதிப்பெண் பட்டியல் இருக்கும். பின்னால் பிள்ளையோ பெண்ணோ தலையைக் குனிந்தபடி நிற்கும். "எதில் சேர்க்கலாம், ஸார்?" என்பது கேள்வி. டாக்டர், இஞ்சினீயர், பி.காம். ஆகிய மூன்றுக்கும் நம்மிடம் பதில் தயார். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது நமக்கே மனப்பாடமாகிவிட்டது.

மனப்பாடம் உதவாத கேள்வி ஒன்று சென்ற வருஷம் வந்தது. வந்தவர் கூட்டுறவு பாங்கியில் கணக்கராக இருப்பவர். அவருடைய பெண் நம்மிடம் கணிதம் படித்தவள். விடைத்தாளில் மீதியிருக்கும் பக்கத்தை வெறுமையாக விடப் பொறுக்காமல், செய்த கணக்கையே வேறு வழியிலும் செய்து காட்டும் ரகம்.

"இவள் என்ன சொல்கிறாள் தெரியுமா, ஸார்? கட்சிக்காரர்களுக்குத் தேர்தல் நடத்திக் கொடுக்கிற உத்தியோகத்துக்குப் போகவேண்டுமாம். அதற்கு எந்தக் கலாசாலையில் சேருவது என்று கேட்கிறாள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு ஒரு பட்டமா?" என்றார் தகப்பனார்.

நாமும் சிரித்துவிட்டோம். பெண் சிரிக்கவில்லை.

"மைக் கட்டுகிறவர் வேறு, ஸார். எந்தத் தெருவில் கட்டவேண்டும் என்று சொல்கிறவர் வேறு" என்றாள்.

பதில் நியாயமாகத்தான் இருந்தது. சிரித்ததற்காக வெட்கப்பட்டு, "ஒரு வாரம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவைத்தோம். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. விசாரித்ததில் தெரிந்தவை, இதே கேள்வி எழுந்திருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம். நாம் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர் அல்ல என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். உபாத்தியாயருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நமக்கு அதில் வருத்தமும் கிடையாது.

இந்த உத்தியோகம் நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததன்று. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தில், கிளெம் விட்டேக்கர் என்ற பத்திரிகைக்காரரும் லியோன் பாக்ஸ்டர் என்ற அம்மையாரும் சேர்ந்து 1933ல் 'காம்பெயின்ஸ் இன்க்' என்னும் கம்பெனியைத் தொடங்கினார்கள். தேர்தல் பிரசாரத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட முதல் கம்பெனி அதுதான் என்று சரித்திரக்காரர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். மறு வருஷமே அவர்களுக்குப் பெரிய வேலை கிடைத்தது. 1934ல் அந்த மாகாணத்தின் கவர்னர் பதவிக்கு அப்டன் ஸிங்க்ளேர் என்ற நாவலாசிரியர் போட்டியிட்டார். அவரைத் தோற்கடிக்க வேண்டும். இருவரும் ஸிங்க்ளேருடைய புத்தகங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்கள். நாவல்களில் கதாபாத்திரங்கள் பேசும் வார்த்தைகளை வெட்டி எடுத்தார்கள். ஸிங்க்ளேரே சொன்ன அபிப்பிராயங்களைப்போல் அவை தினந்தோறும் பத்திரிகையில் கட்டம் கட்டி வெளியாயின. கதையில் வரும் திருடனுடைய பேச்சைக் கதாசிரியர் தலையில் ஏற்றினால் எந்தக் கதாசிரியர் தப்பமுடியும்? ஸிங்க்ளேர் தோற்றார். தொழில் பிறந்த மறு வருஷமே அதன் சாமர்த்தியமும் பிறந்தது. அதன் பாவமும் கூடவே பிறந்துவிட்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1937ல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலுக்காக ஸ்ரீ சத்தியமூர்த்தி ஊர் ஊராகச் சென்று பேசினார், ஸ்ரீமதி கே.பி. சுந்தராம்பாள் மேடைகளில் பாடினார். 'மஞ்சள் பெட்டி' என்ற இரண்டு வார்த்தைகள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. ஆனால் அந்தப் பிரசாரத்தை நடத்தியவர்கள் கட்சித் தொண்டர்கள். பிற்காலத்தில் கழகங்கள் வளர்ந்தபோதும் படிப்பகம், நாடகம், சினிமா, தெருமுனைக் கூட்டம் எல்லாவற்றையும் கட்சிக்காரர்களே நடத்தினார்கள். தேர்தல் வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் படித்த இளைஞர் கூட்டம் நம் தேசத்தில் பெரிய அளவில் கண்ணுக்குத் தெரிந்தது 2013, 2014ல்தான். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பொதுச் சுகாதார வேலையிலிருந்து திரும்பிய பிரசாந்த் கிஷோர் என்ற பீகார்க்காரர், இஞ்சினீயரிங் கலாசாலைகளிலும் நிர்வாகக் கலாசாலைகளிலும் படித்த வாலிபர்களைத் திரட்டி, 2014 பார்லிமெண்டுத் தேர்தலில் ஸ்ரீ நரேந்திர மோதிக்காக வேலை செய்தார். அடுத்த வருஷமே பீகாரில் மோதியின் கட்சியை எதிர்த்து நின்ற நிதீஷ் குமாருக்காக வேலை செய்தார். பிறகு பஞ்சாபில் காங்கிரஸுக்காக, ஆந்திராவில் ஜகன்மோகன் ரெட்டிக்காக, வங்காளத்தில் மம்தா பானர்ஜிக்காக. 2020 பிப்ரவரியில் அவருடைய 'ஐபேக்' கம்பெனி தி.மு. கழகத்துடன் சேர்ந்தது. 2021 சட்டசபைத் தேர்தலின்போது நம் காதுகளில் இரவும் பகலும் விழுந்துகொண்டிருந்த பாட்டும், மனுக்களைப் பெட்டியில் போடச் சொன்ன கூட்டங்களும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் பெண்ணின் மனத்தில் இந்த உத்தியோகத்தின் மேல் ஆசை விதைத்தது அந்தத் தேர்தல்தான். ஆனால் கதையின் பின்பகுதியையும் அவளுக்குச் சொன்னோம். 2021 மே மாதம் 2ஆம் தேதி, வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் தாம் வேலை செய்த கட்சிகள் ஜயித்துக்கொண்டிருந்த அதே தினத்தில், கிஷோர் இந்தத் தொழிலை விட்டுவிடுவதாக அறிவித்தார். 2024ல் தாமே ஒரு கட்சி ஆரம்பித்தார். 2025 பீகார் தேர்தலில் அந்தக் கட்சி 200க்கு மேற்பட்ட தொகுதிகளில் போட்டியிட்டது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பிறர் வீட்டுக் கல்யாணத்தைப் பிரமாதமாக நடத்திக் கொடுக்கத் தெரிந்தவருக்குத் தம் வீட்டுக் கல்யாணம் அவ்வாறு அமையவில்லை. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பிரசார சாமர்த்தியம் என்பது ஏற்கெனவே நிலத்தில் ஈரம் இருக்கும்போது பயிருக்கு உதவுகிற உரம்; அது மழைக்குப் பதிலாகாது. தொழிலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் அறியவேண்டியது அதன் எல்லையை.

இனி, அந்த வேலைதான் என்ன? இதை நாம் புத்தகத்தில் படிப்பதற்கு வெகு நாள் முன்பே நேரில் பார்த்திருக்கிறோம். அப்போது அது இன்னதென்று தெரியவில்லை.

சில தேர்தல்களுக்கு முன், கொள்ளிடக் கரையோரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச் சாவடித் தலைமை அதிகாரியாக நம்மைப் போட்டிருந்தார்கள். பொழுது விடியுமுன் எழுந்து, கட்சி ஏஜெண்டுகளின் முன்னிலையில் 50 மாதிரி வோட்டுக்களைப் போட்டுக் காட்டி, யந்திரத்துக்கு முத்திரை வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். ஏஜெண்டுகளில் ஒரு பெரியவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பென்ஸிலால் குறிப்புப் போட்டபடி இருந்தார். இவர் காலமாகிவிட்டார், இவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், வரமாட்டார், இந்த அம்மாள் மருமகளோடு சண்டை, தனியாகத்தான் வருவாள், இந்த நான்கு பேர் சாயங்காலப் பஸ்ஸில் வருவார்கள். மத்தியானம் கூட்டம் குறைந்திருந்த சமயத்தில், "பெரியவரே, மொத்தம் எத்தனை விழும்?" என்று சும்மா கேட்டுவைத்தோம். ஓர் எண்ணைச் சொன்னார். மாலையில் யந்திரம் காட்டிய எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் ஆறோ ஏழோதான். எப்படித் தெரிந்தது என்று வியந்தபோது, "நாத்து நட்டவனுக்கு எத்தனை பொழைக்கும்னு தெரியாதுங்களா?" என்றார்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்ததை, தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் ஒவ்வொரு சாவடிக்கும் தெரிந்துகொண்டு, ஒரே மேஜையின் மேல் அட்டவணையாகப் பரப்பிவைப்பதுதான் தேர்தல் கம்பெனியின் அடிப்படை வேலை. மற்றவையெல்லாம் அதன் மேல் எழுகிற கட்டடம்: தலைவர் எந்த ஊருக்கு எந்த நாள் போவது, எந்தப் பேச்சை எங்கே பேசுவது, செல்போனில் என்ன படம் அனுப்புவது, எந்த அபேட்சகருக்கு ஊரில் நல்ல பெயர் என்பன போன்றவை. அஸ்திவாரத்துக்கு வேண்டிய தஸ்தாவேஜுகளில் இரகசியம் ஏதும் இல்லை. வாக்காளர் பட்டியல் எவரும் பார்க்கக்கூடியது. வோட்டு எண்ணிக்கை முடிந்தபின் சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்று காட்டும் 20ஆம் படிவத்தையும் தேர்தல் அதிகாரிகள் வெளியிடுகிறார்கள். இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டால் பிளஸ் டூ மாணவிகூடத் தன் தொகுதியைப் பற்றி ஒரு சுமாரான கட்டுரை எழுதிவிடலாம். நம் மாணவி எழுதியே விட்டாள். அதைப் பிறகு சொல்கிறோம்.

இனி படிப்பு விஷயம். பிரசார நிர்வாகம் என்ற பெயரிலேயே பட்டம் கொடுக்கும் இடங்கள் உலகத்தில் மிகக் குறைவு. இருப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கின்றன. 1986ல் ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் சர்வகலாசாலையில் ரே பிளிஸ் என்ற கட்சிக்காரரின் பெயரால் நடைமுறை அரசியலுக்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. 1987ல் நியூயார்க்கில் 'அரசியல் நிர்வாகப் பட்டமேற்படிப்புப் பள்ளி' தொடங்கி, பிற்பாடு வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையோடு இணைந்தது. நம் தேசத்தில் பூனாவில் 2005ல் எம்.ஐ.டி. என்னும் கல்வி ஸ்தாபனத்தார் 'ஸ்கூல் ஆப் கவர்ன்மெண்ட்' என்று ஒன்றை ஆரம்பித்து, அரசியல் தலைமைக்கும் ஆட்சிக்கும் பட்டமேற்படிப்பு வைத்தார்கள்.

பூனாவிலும் வாஷிங்டனிலும் இருப்பவை முக்கியமாக பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கான படிப்புக்கள். ஆகவே பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அவை இன்றைய கேள்வியே அல்ல. அமெரிக்கப் படிப்பைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. அந்நாட்டில் பல மாகாணங்களில் வாக்காளர் தம்மைப் பதிவு செய்துகொள்ளும்போதே இன்ன கட்சி என்று எழுதிவைக்கலாம். எந்தெந்தத் தேர்தலில் வோட்டுப் போட வந்தார் என்ற விவரமும் அங்கே பட்டியலில் ஏறும்; யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இரகசியம். பிரசாரக்காரர்கள் அந்தப் பட்டியலை வாங்கி அதன்மேல் தங்கள் வித்தையைக் கட்டுகிறார்கள். நம் பட்டியலில் பெயர், தகப்பனார் அல்லது புருஷன் பெயர், கதவிலக்கம், வயது, ஆணா பெண்ணா என்பவைதான் உண்டு. மற்றதெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டிய பெரியவரிடம் இருக்கிறது. லட்சக்கணக்கான ரூபாய் கடன் வாங்கிக் கடல் கடந்து போய், நம் ஊரில் இல்லாத பட்டியலை ஆராயக் கற்றுவருவதில் என்ன லாபம்? வசதியுள்ளவர்கள் பிற்காலத்தில் போகட்டும். வேண்டாம் என்று சொல்லமாட்டோம்.

அப்படியானால் பட்டப் படிப்புக்கு எதை எடுப்பது? நம்மைக் கேட்டால் முதல் ஸ்தானம் புள்ளியியலுக்கு. நாம் கணித உபாத்தியாயர் என்பதால் பட்சபாதமாகச் சொல்வதாக நேயர்கள் நினைக்கலாம். ஆகவே ஒரு கதை சொல்கிறோம்.

அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு பெரிய வாரப் பத்திரிகை இருந்தது. 1936 ஜனாதிபதி தேர்தலில் யார் ஜயிப்பார் என்று அறிய அது ஏறக்குறைய 1 கோடி பேருக்கு மாதிரி வோட்டுச் சீட்டுக்களைத் தபாலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் பதில்கள் வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் என்பவர்தான் ஜயிப்பார் என்று பத்திரிகை முழங்கியது. ஜயித்தவரோ ரூஸ்வெல்ட். மொத்தமிருந்த 48 மாகாணங்களில் 46 அவருக்கு. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் அதைவிட மிகச் சிறிய தொகையான ஜனங்களை விசாரித்து முடிவைச் சரியாகச் சொல்லியிருந்தார். இது எப்படி? பத்திரிகை விலாசங்களை எடுத்தது டெலிபோன் புத்தகங்களிலிருந்தும் மோட்டார் வண்டிச் சொந்தக்காரர் பட்டியல்களிலிருந்தும். வறுமையில் தேசம் தத்தளித்த அந்தக் காலத்தில் டெலிபோனும் மோட்டாரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, அனுப்பியதில் நாலில் ஒரு பங்குக்குத்தான் பதில் வந்தது. பதில் எழுதாத முக்கால் பங்குக்காரர்களும் எழுதியவர்களைப் போன்றவர்களே என்று நம்பிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் பத்திரிகை நின்றுபோயிற்று. ஆயிரம் பேரைக் கேட்பது பெரிதல்ல, எந்த ஆயிரம் பேரைக் கேட்பது என்பதே பெரிது. அதைச் சொல்லிக் கொடுக்கும் சாஸ்திரத்துக்குப் பெயர் புள்ளியியல்.

இன்னொன்றும் உண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்பதா, கடிதம் அனுப்புவதா, டெலிபோனில் பேசுவதா, எதில் பலன்? கட்சிக்காரர்கள் இதைப் பற்றி எத்தனையோ காலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1998ல் ஏல் சர்வகலாசாலையின் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு ஆசிரியர்கள் நியூ ஹேவன் நகரத்தில் சுமார் 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பல பிரிவாக்கினார்கள். சிலர் வீட்டுக்கு நேரில் ஆள் அனுப்பினார்கள், சிலருக்குக் கடிதம், சிலருக்கு டெலிபோன், பலரைச் சும்மா விட்டுவிட்டார்கள். தேர்தலுக்குப் பிறகு, யார் வோட்டுப் போட வந்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். நேரில் போய்ப் பேசியதற்கு நல்ல பலன், கடிதத்துக்குச் சிறிது, டெலிபோனுக்குப் பலனே இல்லை. புதிய மருந்தைப் பரிசோதிக்கும் முறையை அப்படியே தேர்தலுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் இந்தத் தொழிலில் 'எனக்குத் தோன்றுகிறது' என்பவருக்கு மதிப்புக் குறைந்து, 'சோதித்துப் பார்த்தோம்' என்பவருக்கு மதிப்பு ஏறியது.

புள்ளியியலுக்கு நம்மிடையே இடங்களுக்குக் குறைவில்லை. சென்னையில் பிரஸிடென்ஸி, லயோலா, கிறிஸ்தவக் கலாசாலை ஆகியவற்றிலும் சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையிலும் உண்டு. மேதாவிப் பிள்ளைகளுக்கு, மஹலனோபிஸ் 1931ல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுப் பரீட்சை. எழுதிப் பார்ப்பதற்கே தைரியம் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் வீட்டிலிருந்தபடியே தரவு விஞ்ஞானம் படிக்க ஏற்பாடு செய்திருக்கிறது. வேறொரு கலாசாலையில் படித்துக்கொண்டே இதையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு என்றால் அரசியலுக்கு அன்னியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பாலாக இருந்த தேசத்தில் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டு 1951-52ல் முதல் பொதுத் தேர்தலை நடத்திக் காட்டிய கமிஷனர் சுகுமார் ஸென், கலாசாலையில் படித்தது கணிதம்.

கணக்கு ஏறாத பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அரசியல் விஞ்ஞானமும் சமூகவியலும் நல்லவையே; ஆனால் கூடவே புள்ளிவிவரத்தில் ஒரு பாடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் படிக்கிறவர்களுக்கு இந்தத் தொழிலில் ஓர் இடம் உண்டு. வோட்டெடுப்பு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் என்ன பேசக்கூடாது, எந்த விளம்பரம் எந்தக் கணக்கில் சேரும் என்பவற்றை 1951ஆம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்ல ஆள் வேண்டும். வணிகம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. 2022ல் உயர்த்தி நிர்ணயித்தபடி, நம்முடையதைப்போன்ற பெரிய மாகாணத்தில் ஓர் அபேட்சகர் சட்டசபைத் தேர்தலுக்கு 40 லட்சமும் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு 95 லட்சமும் வரை செலவழிக்கலாம். முடிவு வெளியான 30 நாளில் கணக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் 3 வருஷம் போட்டியிட முடியாமல் போகலாம். கட்சி செய்யும் செலவுக்கு மட்டும் உச்சவரம்பே கிடையாது என்பது நம் சட்டத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

எந்தப் பட்டமானாலும் சரி, தமிழ் நன்றாக எழுதவேண்டும். கேள்வித்தாளை முதலில் இங்கிலீஷில் எழுதி, பிறகு அகராதியைப் பார்த்துத் தமிழாக்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வரும் வாலிபர்களை நாம் பார்த்திருக்கிறோம். "தற்போதைய ஆட்சியின் செயல்திறனில் தாங்கள் எவ்வளவு திருப்தி அடைகிறீர்கள்?" என்று ஒரு பிள்ளை வாசலில் நின்று கேட்டான். பாட்டியம்மாள், "குடிக்கத் தண்ணி வேணுமா, கண்ணு?" என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பிள்ளை எந்தக் கட்டத்தில் குறியிட்டானோ!

பட்டம் வாங்கிய பின் நுழையத் தகுந்த இரண்டு வாசல்களைச் சொல்லவேண்டும். டில்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2010 முதல் இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, உபகாரச் சம்பளம் கொடுத்து, பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவருக்கு உதவியாளராக ஏறக்குறைய ஒரு வருஷம் அமர்த்துகிறார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் மனுப்போடலாம். அரசியல்வாதி என்பவர் பத்திரிகைப் படத்தில் இருப்பவர் அல்ல, காலை ஆறு மணிக்கே வாசலில் மனுவோடு நூறு பேரைப் பார்க்கிறவர் என்பது அங்கே தெரியும். மற்றொன்று, 1963ல் ரஜனி கோத்தாரி டில்லியில் நிறுவிய சி.எஸ்.டி.எஸ். என்னும் ஆராய்ச்சி நிலையம். தேர்தல் சமயங்களில் அவர்கள் தேசமெங்கும் எடுக்கும் கணிப்புகளுக்குக் கலாசாலை மாணவர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புவது வழக்கம். சான்றிதழ் வகுப்புகளில் கிடைக்காத படிப்பு அது.

சான்றிதழ் வகுப்பு என்றதும் ஒரு துக்கமான விஷயம். அந்தப் பெண்ணின் தகப்பனார் கொண்டுவந்த காகிதங்களில், ஆறு வாரத்தில் 'தேர்தல் வியூக நிபுணர்' ஆக்குவதாகச் சொல்லும் வர்ணக் காகிதம் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் நமக்குப் பழைய மாணவன் ஒருவனின் நினைவு வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, விதவைத் தாயாருக்கு ஒரே மகன். சில வருஷங்களுக்கு முன் இம்மாதிரி வகுப்பு ஒன்றில் தாயாரின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டிச் சேர்ந்தான். வகுப்பு நடத்தியவர்களே ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் வெயிலில் அலைந்தான். வோட்டெடுப்பு முடிந்த மறுநாள் ஆபீஸ் பூட்டியிருந்தது. மேலதிகாரியின் டெலிபோன் மௌனமாகிவிட்டது. இரண்டு மாதச் சம்பளம் வரவே இல்லை. இப்போது அவன் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறான். வளையல் மீண்டுவிட்டது என்று சென்ற தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்.

இந்தத் தொழில் பெரும்பாலும் அறுவடைக் கூலி வேலை மாதிரி. தேர்தல் வந்தால் ஆள் போதாது. முடிந்தால் ஆள் வேண்டாம். பெரிய கம்பெனிகளில் வருஷம் முழுவதும் இருப்பவர்கள் சிலரே. ஆகவே இடைக்காலத்தில் சோறு போடக்கூடிய பட்டம் கையில் இருக்கவேண்டும். புள்ளியியல் படித்தவளை ஆஸ்பத்திரியும் பாங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கூப்பிடும். 'தேர்தல் வியூக' சான்றிதழ் வாங்கியவளை யார் கூப்பிடுவார்கள்?

இதுவரையில் தகப்பனாருக்குப் பதில் சொல்லியாயிற்று. பெண்ணுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை அவளிடம் நேராகவே கேட்டோம்.

2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளின் தேர்தலையும், 2017ல் ஆர்.கே. நகர் இடைத் தேர்தலையும், 2019ல் வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தலையும் வோட்டுக்குப் பணம் என்ற காரணத்துக்காக ரத்து செய்தார்கள். பிறகு வேறு தேதிகளில் நடந்தன. பணம் விநியோகிக்கிறவர்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும் அல்லவா? எந்தத் தெருவில் எத்தனை வோட்டு, எந்த வீடு நமக்கு, எந்த வீடு எதிரிக்கு, எந்த வீடு இரண்டுங்கெட்டான் என்பது தெரியாமல் கவர்களை எப்படி எண்ணி எடுப்பது? தண்ணீர் வராத தெருவைக் கண்டுபிடிக்க நீ தயாரிக்கும் அட்டவணையும், கவர் போகவேண்டிய தெருவைக் கண்டுபிடிக்கும் அட்டவணையும் ஒன்றேதான். நீ செய்து கொடுத்த காகிதத்தை உன் எஜமானர் எதற்கு உபயோகிக்கிறார் என்று உனக்குத் தெரியாமலே போகலாம். தெரிந்தால் என்ன செய்வாய்?

தகப்பனாருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சின்னப் பெண்ணிடம் இதையெல்லாம் கேட்பானேன் என்பதுபோல் நம்மைப் பார்த்தார். பெண் சற்று யோசித்தாள்.

"வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்வது சுலபம், ஸார். அப்போது வீட்டில் கடன் இருந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை" என்றாள்.

நாம் பல வருஷமாக எத்தனையோ நேர்முகப் பரீட்சைகளைப் பார்த்திருக்கிறோம். இவ்வளவு யோக்கியமான பதிலை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறோம். அதனால்தான் கடன் வாங்கிப் படிக்கும் படிப்பு வேண்டாம் என்று தீர்மானமாகச் சொன்னோம். கடனாளியால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் அந்த ஒரு வார்த்தைதான் தொழிலாளியின் சொத்து.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. விடுமுறையில் தங்கள் வார்டின் வாக்காளர் பட்டியலை எடுத்து, 20ஆம் படிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாவடிச் சாவடியாகக் கட்டம் போட்டாள். பிறகு அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தன் தெருவிலே வீடு வீடாகப் போனாள். யாருக்கு வோட்டு என்று கேட்கவில்லை. உங்களுக்கு என்ன குறை என்றுதான் கேட்டாள். இறந்துபோனவர்கள் சிலருடைய பெயர் பட்டியலில் உயிரோடு இருந்தது. கல்யாணமாகி வந்து மூன்று வருஷமான ஒரு மருமகளின் பெயர் ஏறவே இல்லை. அவளுக்கு மனுப் பாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஊரார் குறைகளில் முதலாவது, கட்சிகள் எல்லாம் மேடையில் பேசும் எந்த விஷயமும் அன்று. தெருமுனைச் சாக்கடைக்கு மூடி இல்லை என்பதுதான். இந்தக் கட்டுரை நாலு பக்கம். சிவப்பு மையால் நாம் திருத்தியது இரண்டே இடத்தில்.

சென்னையில் ஒரு கலாசாலையில் பி.எஸ்ஸி. புள்ளியியலுக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும் தினத்தன்று தகப்பனார் தனியாக வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எல்லாம் சரி, ஸார். சொந்தக்காரர்கள் கேட்டால் இவள் என்ன உத்தியோகத்துக்குப் படிக்கிறாள் என்று சொல்வது?" என்றார்.

"புள்ளியியல் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்றோம்.